எல்லா மங்கலும் புரை அல்ல

அறுபதைத் தாண்டியவர்களின் கண்ணைப் பற்றி நம் வீடுகளில் இரண்டு வாக்கியங்கள் புழங்குகின்றன. ஒன்று, ‘வயதானால் கண் மங்கத்தானே செய்யும்.’ மற்றொன்று, ‘புரை இன்னும் முற்றவில்லை, முற்றட்டும், பிறகு எடுத்துக்கொள்ளலாம்.’ முதலாவது பாதி உண்மை. இரண்டாவது ஒரு காலத்தில் முழு உண்மை, மருத்துவர்களே சொல்லிக்கொடுத்தது. கண்புரை என்ற ஒரு நோய்க்காகப் பிறந்த இந்தப் பொறுமையை, பொறுக்கவே கூடாத வேறு நோய்களுக்கும் சேர்த்துக் கடைப்பிடிக்கிறோம். வயதான காலத்தில் தவிர்த்திருக்கக்கூடிய பார்வையிழப்பில் ஒரு பகுதி இங்கேதான் தொடங்குகிறது.

இந்தப் பழக்கத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. 2015 முதல் 2019 வரை நாடு முழுவதும் நடந்த தேசியக் கணக்கெடுப்பில், 50 வயதைக் கடந்தவர்களில் 1.99 சதவீதம் பேர் பார்வையற்றவர்கள் என்று தெரியவந்தது. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரின் பார்வையை மறைத்திருந்தது அறுவை செய்யாமல் விட்ட புரை. பார்வை நரம்பை அழிக்கும் குளுக்கோமாவின் பங்கு சுமார் ஐந்தரை சதவீதம்தான். ஆக, பார்வை குன்றிய முதியவர் ஒருவரைக் கண்டதும் புரை என்று ஊகித்தால் அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அந்த ஊகம் தவறும்போதுதான் விலை அதிகம். புரையில் போன பார்வை திரும்பி வரும். மற்றவற்றில் போனது பெரும்பாலும் வராது.

கண்மணிக்குப் பின்னால் இருக்கும் லென்ஸ் இளமையில் தெளிவானது, இளக்கமானது. வயது ஏற ஏற அது இறுகுகிறது, நாற்பதுகளில் அது உறைக்கத் தொடங்குகிறது. அருகில் இருப்பதைப் பார்க்கும்போது வளைந்துகொடுப்பதில்லை. செய்தித்தாளைக் கை நீளும் தூரத்துக்குத் தள்ளிப் பிடிக்கவைக்கும் வெள்ளெழுத்து இதுதான். அது நோயல்ல, எல்லோருக்கும் வருவது, ஒரு கண்ணாடியோடு தீர்ந்துபோவது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் லென்ஸின் புரதங்கள் நிலைகுலைந்து திரண்டு, உள்ளே வரும் ஒளியைச் சிதறடிக்கும்போதுதான் புரை. சர்க்கரை நோய், புகைபிடித்தல், நெடுங்கால வெயில், ஸ்டீராய்டு மருந்து, கண்ணில் பட்ட பழைய அடி எல்லாம் அதைச் சீக்கிரம் கொண்டுவரும். எதிரே வரும் வண்டியின் விளக்கு கூசும், நிறங்கள் மஞ்சளித்துப்போகும், கண்ணாடியின் பவர் அடிக்கடி மாறும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. லென்ஸின் நடுப்பகுதி இறுகும் வகைப் புரையில், கண்ணுக்குக் கிட்டப்பார்வை கூடுகிறது. இருபது வருடமாகக் கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாத தாத்தா திடீரென்று பஞ்சாங்கத்தின் பொடி எழுத்தை வெறுங்கண்ணால் படிப்பார். குடும்பமே வியந்து, அவர் சாப்பிடும் ஏதோ ஒரு கீரைக்கு அந்தப் பெருமையைக் கொடுக்கும். உண்மையில் அது புரை வளர்வதன் அடையாளம். சில மாதங்களிலோ ஒன்றிரண்டு வருடங்களிலோ அந்தப் பார்வையும் மங்கிவிடும்.

சரி, முற்றட்டும் என்று ஏன் சொன்னார்கள்? பழைய அறுவையில் லென்ஸை எடுத்துவிட்டு அதனிடத்தில் எதையும் வைப்பதில்லை. முற்றாத புரையின் ஓரப்பகுதி உள்ளே ஒட்டிக்கொண்டு முழுதாக வெளியே வராது என்பது முதல் காரணம். இரண்டாவது காரணம் இன்னும் நடைமுறையானது. லென்ஸ் இழந்த கண்ணுக்குப் பத்து பவர் அளவில் சோடாப்புட்டிக் கண்ணாடி போடவேண்டும். அதன் வழியே உலகம் கால்பங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும், ஓரங்கள் வளையும், படி எங்கே இருக்கிறது என்று கால் தடுமாறும். ஒரு கண்ணில் நல்ல பார்வை இருக்கும்போதே மறு கண்ணில் அறுவை செய்தால் இரண்டு கண்களும் இரண்டு அளவில் காட்டும். மூளையால் அவற்றை ஒட்டவைக்க முடியாது. அதனால் இரண்டு கண்ணும் போகும்வரை காத்திருப்பதே புத்திசாலித்தனமாக இருந்தது. அந்தக் கண்ணாடி உடைந்தால் மறுபடி குருடு. நம் ஊர்களில் அப்படி உடைந்த கண்ணாடியோடு திண்ணையில் முடங்கியவர்கள் ஏராளம்.

இதை மாற்றியது ஒரு போர்விமானத்தின் மேல்மூடி. இரண்டாம் உலகப் போரில், விமானத்தின் அக்ரிலிக் மூடி நொறுங்கி அதன் துண்டுகள் கண்ணில் தங்கிய பிரிட்டிஷ் விமானிகளைப் பரிசோதித்த ஹெரால்டு ரிட்லி என்ற மருத்துவர், அந்தப் பொருளைக் கண் வெறுத்து ஒதுக்கவில்லை என்பதைக் கவனித்தார். 1949 நவம்பரில் லண்டனின் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அதே வகைப் பொருளில் செய்த லென்ஸை ஒரு நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார். சக மருத்துவர்கள் பல ஆண்டுகள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். அந்த லென்ஸ் உலகெங்கும் ஏற்கப்பட முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. இந்தியாவின் ஏழைகளை வந்தடைய அதற்கு மேலும் ஆனது, காரணம் விலை. ஓர் இறக்குமதி லென்ஸ் நூறு டாலர் அளவில் விற்ற காலத்தில், இலவச முகாமில் அறுவை செய்துகொண்டவருக்குக் கிடைத்தது சோடாப்புட்டிதான்.

அங்கேதான் மதுரை வருகிறது. கோ. வெங்கடசாமி, அரசுப் பணியில் ஓய்வுபெற்ற பிறகு, 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இளவயதில் தாக்கிய முடக்குவாதம் அவருடைய விரல்களைக் கோணலாக்கியிருந்தது. அந்த விரல்களாலேயே கண் அறுவை செய்யப் பழகியவர். பணம் கொடுக்கக்கூடியவர் கொடுக்கும் கட்டணத்தில் கொடுக்க முடியாதவருக்கும் அறுவை நடந்தது. 1992இல் அதே நிறுவனக் குழுமம் ஆரோலாப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கி, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை இங்கேயே தயாரித்தது. விலை பத்து டாலருக்கும், பிறகு அதற்கும் கீழே இறங்கியது. 1994 முதல் 2002 வரை உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு உள்ளிட்ட ஏழு மாநிலங்களில் நடந்த புரை ஒழிப்புத் திட்டமும் சேர்ந்துகொள்ள, லென்ஸ் வைத்த அறுவை சாதாரண விஷயமாகிவிட்டது. பள்ளிக்கூட வகுப்பறையிலும் கூடாரத்திலும் அறுவை செய்த காலம் போய், முகாமில் கண்ணைப் பார்த்து, பஸ்ஸில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோய், கருப்புக் கண்ணாடியோடு வீட்டில் இறக்கிவிடும் ஏற்பாடு வந்தது.

பொது சுகாதாரத்தில் தமிழ்நாடு நெஞ்சு நிமிர்த்திச் சொல்லக்கூடிய சாதனைகளில் இது ஒன்று. ஆனால் எந்த வெற்றியும் ஒரு பாடத்தைச் சொல்லிவிட்டுத்தான் போகிறது. கண் என்றால் புரை, புரை என்றால் ஆபரேஷன், ஆபரேஷன் என்றால் மறுநாள் பார்வை. அரை நூற்றாண்டாக ஊர் ஊராகப் போன முகாம் மக்கள் மனத்தில் எழுதிய பாடம் இது. புரைக்கு மட்டுமே பொருந்தும் பாடம்.

புரைக்குக்கூட, முற்றட்டும் என்ற பகுதி இன்று காலாவதியாகிவிட்டது. மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான துளை வழியே ஒலி அதிர்வால் லென்ஸைக் கரைத்து உறிஞ்சும் முறையில், கல்லாக இறுகிய புரைதான் அறுவையாளருக்குத் தொல்லை. நம் நாட்டில் பரவலாக நடக்கும், சற்றே பெரிய துளையிட்டுத் தையலில்லாமல் முடிக்கும் முறை இறுகிய புரையையும் சமாளிக்கும். அதற்காக இறுக விடவேண்டியதில்லை. மிகவும் முற்றிய லென்ஸ் உப்பி, கண்ணுக்குள் திரவம் வடியும் வழியை அடைத்துவிடக்கூடும்; அல்லது கசிந்து, அந்தப் புரதம் வடிகாலை அடைக்கும். இரண்டிலும் கண்ணழுத்தம் தாறுமாறாக ஏறி, பார்வை நரம்பு சேதமாகும். எப்போது எடுக்கலாம் என்ற கேள்விக்கு இன்றைய விடை எளிது: அன்றாட வேலைக்கு இடைஞ்சலானால். பூக்கட்டும் பாட்டிக்கும் இரவு பஸ் ஓட்டுபவருக்கும் அந்த நாள் ஒன்றாக இருக்காது. கூடவே, முதல் கண்ணில் புரை அறுவை செய்துகொண்ட மூதாட்டிகள் கீழே விழுவது குறைந்தது என்று இங்கிலாந்தில் நடந்த ஆய்வு ஒன்று காட்டியது. இடுப்பெலும்பு முறிவுக்குப் பின் ஒரு வீடு படும் பாட்டை அறிந்தவர்களுக்கு இதன் மதிப்பு புரியும்.

இனி பொறுக்கக் கூடாத நோய்களுக்கு வருவோம். முதலில் குளுக்கோமா; தமிழ்நாட்டு மருத்துவமனைப் பலகைகளில் ‘கண் நீர் அழுத்த நோய்’. கண்ணுக்குள் ஒரு தெளிந்த திரவம் இடைவிடாமல் சுரந்து, ஓரத்திலுள்ள சல்லடை போன்ற திசு வழியாக வடிந்துகொண்டே இருக்கிறது. குழாய் திறந்திருக்க, தொட்டியின் வடிகால் அடைபட்டால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும். ஆனால் கண்ணுக்கு வழிந்தோட வெளி இல்லை. அழுத்தம் பின்பக்கத்தில், விழித்திரையிலிருந்து மூளைக்குச் செல்லும் பத்து லட்சம் அளவிலான நரம்பு இழைகள் ஒன்றுசேரும் இடத்தை நசுக்குகிறது. இழைகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. செத்த இழை முளைப்பதில்லை.

வலி கிடையாது. சிவப்பு கிடையாது. நேர் எதிரே உள்ள எழுத்து கடைசிவரை தெரியும். போவது பெரும்பாலும் பக்கவாட்டுப் பார்வைதான். ஒரு கண் இழந்த பகுதியை மறு கண் ஈடுகட்டிவிடும், மூளையும் இடைவெளியை நிரப்பிவிடும். அதனால் கறுப்பு ஓட்டை எதுவும் தெரியாது. ‘கதவு நிலையில் இடித்துக்கொள்கிறார், பக்கத்தில் வந்தவரைக் கவனிக்கவில்லை, கவனம் போதவில்லை, வயதாகிவிட்டது’ என்று வீட்டார் சொல்லும் கட்டத்தில் நரம்பின் பெரும்பகுதி போயிருக்கும். வரிசையாக எழுத்துப் படிக்கச் சொல்லும் பலகைச் சோதனையில் இவர் கம்பீரமாகத் தேறிவிடுவார் என்பதுதான் கொடுமை.

எத்தனை பேர் இப்படித் தெரியாமல் இருக்கிறார்கள்? தென் தமிழ்நாட்டுக் கிராமங்களில் 40 வயதைக் கடந்தவர்களிடம் அரவிந்த் நடத்திய ஆய்விலும், சென்னையிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் சங்கர நேத்ராலயா நடத்திய ஆய்விலும் விடை கிட்டத்தட்ட ஒன்றுதான்: திரவம் வடியும் மூலையான வடிகால் கோணம் திறந்தே இருக்கும் பொது வகைக் குளுக்கோமா உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், ஆய்வுக்குழு வந்து சொல்லும்வரை தங்களுக்கு அந்த நோய் இருப்பதே தெரியாது. இந்த நாட்டின் மிகச் சிறந்த கண் மருத்துவமனைகள் பஸ் தூரத்தில் உள்ள ஊர்களில் இந்த நிலை.

அழுத்தத்தை மட்டும் அளந்தால் போதும் என்று நினைப்பதும் தவறு. 10 முதல் 21 மி.மீ. பாதரச அளவுவரை இயல்பு என்பார்கள். அந்த எல்லைக்குள் இருந்தும் நரம்பு அழிபவர்கள் உண்டு. கண்மணியை மருந்து விட்டு விரித்து நரம்பின் முகப்பைப் பார்க்கவேண்டும். வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்லும் பார்வைப் புலச் சோதனையும் வேண்டும். நோய் உறுதியானால் சிகிச்சை பெரும்பாலும் சொட்டு மருந்து. தினமும், ஆயுள் முழுக்க. போட்டால் பார்வை கூடாது, விட்டால் உடனே குறையவும் செய்யாது. பலன் கண்ணுக்குத் தெரியாத மருந்தை ஒருவர் எத்தனை மாதம் காசு கொடுத்து வாங்குவார்? சிகிச்சை தோற்கும் இடங்களில் இது முக்கியமானது. ‘ஆபரேஷன் செய்து பார்வையைத் திரும்பக் கொண்டுவாருங்கள்’ என்று கேட்கும் குடும்பத்திடம், இதில் அறுவையும்கூட இருக்கும் பார்வையைக் காப்பதற்கு மட்டும்தான் என்று சொல்வது மருத்துவருக்கு எளிதல்ல.

இதில் ஒரு வகை மட்டும் சத்தம் போட்டு வரும். வடிகால் கோணம் குறுகலான கண்களில், அது ஆசியர்களிடம் அதிகம், திடீரென்று முழுதாக அடைபட்டால் பொறுக்க முடியாத கண்வலி, தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம். வாந்தியைப் பார்த்துப் பித்தம் என்றும் தலைவலியைப் பார்த்து ஒற்றைத் தலைவலி என்றும் ஒரு நாள் கடத்தினால் அந்தக் கண் போய்விடலாம். இன்னொன்று, மருந்துக்கடைச் சங்கதி. கண் சிவந்தால், அரித்தால், சீட்டு இல்லாமல் கைமாறும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. இரண்டே நாளில் கண் குளிர்ந்துவிடும், அதனால் அதே குப்பி மாதக்கணக்கில் தொடரும். அது அழுத்தத்தையும் ஏற்றும், புரையையும் வளர்க்கும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேன் என்று கண்ணில் விடுவதைக் கண்டிப்பவர்கள், கடையில் வாங்கிய இந்தக் குப்பியைக் கண்டுகொள்வதே இல்லை.

சர்க்கரை நோயாளியின் விழித்திரையும் மௌனமாகத்தான் கெடுகிறது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 சதவீதம். நுண்ணிய ரத்தக்குழாய்கள் கசிந்து, அடைபட்டு, அவற்றுக்குப் பதிலாக முளைக்கும் நொய்ந்த புதுக் குழாய்கள் வெடித்துக் கண்ணுக்குள் ரத்தம் கொட்டும் நாள்வரை பார்வை நன்றாகவே இருக்கக்கூடும். லேசரும் கண்ணுக்குள் போடும் ஊசியும் அதற்கு முன்பே வேலை செய்பவை. மாதாமாதம் சர்க்கரைக்கு ரத்தம் கொடுப்பவரில் பலர், வருடம் ஒருமுறை கண்மணியை விரித்துப் பார்க்கப் போவதில்லை. நன்றாகத்தானே தெரிகிறது என்ற பதில் தயாராக இருக்கிறது.

மாக்குலா சிதைவு குளுக்கோமாவுக்கு நேர்மாறு. விழித்திரையின் நட்டநடுவில், முகம் அடையாளம் காணவும் ஊசியில் நூல் கோக்கவும் பயன்படும் சிறிய பகுதி மாக்குலா. அது வயதில் சிதையும்போது பக்கவாட்டுப் பார்வை இருக்கும். நடு மட்டும் கலங்கும். தனியாக நடந்து போவார், எதிரே வரும் மகளை யாரென்று கேட்பார். உலர் வகை மெல்லச் செல்வது. ஈர வகையில் அடியிலிருந்து புதுக் குழாய்கள் முளைத்துக் கசிந்து, சில வாரங்களில் பார்வை விழும்; நேர்க்கோடுகள், உதாரணமாக ஜன்னல் கம்பிகள், வளைந்து தெரிவது முதல் எச்சரிக்கை. ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே மூடிப் பார்த்தால்தான் இது பிடிபடும். 2005 வாக்கில்தான் இதற்கு நல்ல மருந்து வந்தது. குடல் புற்றுநோய்க்கான பெவாசிசுமாபைச் சிறு அளவில் கண்ணுக்குள் செலுத்தினால் பலன் தருகிறது என்று கண்டார்கள். அதன் விலையுயர்ந்த உறவினரான ரானிபிசுமாபுக்கு அது ஏறத்தாழ இணையானது என்று 2011இல் அமெரிக்கப் பரிசோதனை ஒன்று உறுதி செய்தது. ஏழை நாடுகளுக்கு அது பெரிய வரம். ஆனால் ஓர் ஊசியோடு முடியாது. மாதம் ஒன்றாகத் தொடங்கி, பிறகும் திரும்பத் திரும்ப வரவேண்டும். கண்ணுக்கு என்று விற்கும் விட்டமின் மாத்திரைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை: ஒரு குறிப்பிட்ட கலவை, நோய் நடுக்கட்டத்தை எட்டியவர்களில் முற்றுவதைத் தாமதப்படுத்தும். நோயே இல்லாதவருக்கு அது வெறும் செலவு. சிகரெட்டை விடுவது இலவசம், பலனும் அதிகம்.

பார்வை பெருமளவு இழந்த முதியவர்களில் சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரிகின்றன. சின்னச் சின்ன மனிதர்கள், பூவேலைப்பாடு, அலங்கரித்த குதிரைகள். மூளை பிறழவில்லை, கண்ணிலிருந்து செய்தி வராத வெறுமையை அது தானே வரைந்து நிரப்புகிறது. 1760இல் தன் தாத்தாவுக்கு இப்படி நேர்ந்ததைப் பதிவு செய்த சுவிஸ் அறிஞர் சார்லஸ் போனேவின் பெயரால் இதை அழைக்கிறார்கள். அவை நிஜமல்ல என்பது அவர்களுக்கே தெரியும். பைத்தியம் என்றோ பேய் என்றோ சொல்லிவிடுவார்களே என்று வெளியே சொல்வதில்லை. வீட்டில் பார்வை குறைந்த ஒருவர் இருந்தால், ‘இப்படி ஏதாவது தெரிகிறதா’ என்று நாமே கேட்பது நல்லது. மறதி நோய்க்கு மாற்றக்கூடிய காரணங்கள் பதினான்கு என்று 2024இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு பட்டியலிட்டபோது, சிகிச்சை பெறாத பார்வைக் குறைவையும் அதில் புதிதாகச் சேர்த்தது.

இத்தனைக்கும் முகாம்களைப் பெருக்கினால் போதாதா? 1999இல் வெளியான ஆய்வொன்று, தென்னிந்தியக் கிராமங்களில் கண் குறையுள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் ஏழு பேர்தான் தங்கள் ஊர்ப்பக்கம் நடந்த இலவச முகாமுக்கு வந்தார்கள் என்று கண்டது. பயம், செலவு, வீட்டுப் பொறுப்பு ஆகியவை மற்றவர்களைத் தடுத்தன. அறுவை இலவசம்தான், கூட வருபவரின் ஒருநாள் கூலி இலவசமல்ல. பெண்கள் இதில் இன்னும் பின்தங்குகிறார்கள். பேரப்பிள்ளையையும் அடுப்பையும் விட்டுவிட்டுப் போக முடியாத பாட்டி, ‘எனக்கு இது போதும்’ என்கிறார். வீடும் அதைச் சந்தோஷமாக நம்பிவிடுகிறது. புரைக்கு ஒரு முறை அழைத்துப்போனால் போதும். குளுக்கோமாவுக்கும் விழித்திரை நோய்க்கும் வருடக்கணக்கில் அழைத்துப்போகவேண்டும். முகாமின் அமைப்பு ஒருமுறைப் பயணத்துக்கானது. அதனால்தான் சிறு ஊர்களில் நிரந்தரமாக இருந்து, கண்ணின் படங்களைத் தொலைவிலுள்ள மருத்துவருக்கு அனுப்பிக் கேட்கும் பார்வை மையங்களை இந்த நோய்களுக்கான நிஜமான வழியாக நான் பார்க்கிறேன்.

புரை அறுவைக்குப் பிறகும் மங்கினால் இரண்டு சாத்தியங்களைப் பிரித்துப் பார்க்கவேண்டும். சிலருக்கு, லென்ஸைத் தாங்கும் மெல்லிய பை சில மாதங்களோ வருடங்களோ கழித்துக் கலங்கும். புரை மறுபடி முளைத்துவிட்டது என்று அஞ்சவேண்டாம். சில நிமிட லேசரில் சரியாகும். மற்றச் சிலருக்கு, புரை இருந்தவரை பின்னால் மறைந்திருந்த நரம்பு நோயோ விழித்திரை நோயோ இப்போது வெளிப்படுகிறது. ‘ஆபரேஷனைக் கெடுத்துவிட்டார்கள்’ என்ற கோபத்தில் வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவது இவர்களுக்கு மிஞ்சியதையும் தொலைக்கும் வழி. லென்ஸ் தெளிந்த பிறகுதான் மருத்துவரால் கண்ணின் பின்பக்கத்தை நன்றாகப் பார்க்க முடியும் என்பதால், சொட்டு மருந்து முடிந்ததோடு நிறுத்தாமல் அந்த மறுபரிசோதனைக்குப் போகவேண்டும். அங்கே குளுக்கோமா என்று தெரிந்தால் செய்தி அம்மாவோடு முடிவதில்லை. நோயாளியின் பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. துணைக்கு வந்த மகனுக்கோ மகளுக்கோ 40 வயது கடந்திருந்தால், அன்றைக்கே அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைக் காட்டிவிடலாம்.